தலைச்சோலையில் ஒரு வெள்ளைச் சரிவு

கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்த முதல் ஆறு மாதம் எனக்கு மலையைப் பிடிக்கவில்லை. நான் சேலம் கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சன்னல் தெரிய வேண்டும், அங்கே யாராவது வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே சில நாள் காலையில் சன்னலைத் திறந்தால் ஒன்றுமே இருக்காது. மேகம் கீழே இறங்கி, வீட்டை ஒட்டி வெள்ளையாக நின்றிருக்கும். பஸ் வருகிற சத்தம் கேட்கும், பஸ் தெரியாது. ஆள் பேசுகிற சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. நான் சன்னலைச் சாத்திவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

என் கணவர் கடைவீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருடைய அத்தா, என் மாமனார், தொடங்கியது. கீழே ஸ்டூடியோ, மேலே வீடு. பாஸ்போர்ட் சைஸ் படங்கள், பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோக்கள், கல்யாணங்கள், எஸ்டேட்டில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களின் படங்கள் என்று வருஷம் முழுக்க முகங்களாகவே எடுத்துக்கொண்டிருந்தார். உட்கார வைக்கிற நாற்காலிக்குப் பின்னால் ஒரு திரை தொங்கும். அதில் நீல ஏரியும், அதன் பின்னால் பனி படர்ந்த மலையும் வரைந்திருக்கும். வாசலுக்கு வெளியே நிஜமாகவே ஏரியும் மலையும் இருக்கிற ஊரில் இது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். இங்கே இருக்கிறவங்களுக்கு இங்கே இருக்கிற மலை எதுக்கு என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஜனவரி மாதம் சிவகாசியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. காலண்டர் அடிக்கிற அச்சகத்துக்காரர் ஒருவர் குடும்பத்தோடு ஏற்காட்டில் வந்து தங்கியபோது எங்கள் ஸ்டூடியோவில் படம் எடுத்திருந்தார். அது அவருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த வருஷத்துக்கு ஆறு தாளில் சேர்வராயன் மலைக் காலண்டர் ஒன்று போட நினைப்பதாகவும், ஜூன் மாதத்துக்குள் ஆறு கலர் படங்கள் வேண்டுமென்றும் எழுதியிருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் நின்று எடுக்கிற இடங்களாக இருக்கக் கூடாது, யாரும் பார்க்காத இடங்களாக இருக்க வேண்டும் என்று அடியில் கோடு போட்டிருந்தார். ஆறில் ஒன்று காப்பிப் பூவாக இருந்தால் நல்லது என்பது கடைசி வரி.

என் கணவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவர் அந்த மலையிலேயே பிறந்தவர், ஒவ்வொரு ரோடும் தெரியும். ஆனால் எந்த இடம் அழகாக இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லையாம். சின்ன வயதில் ஒருமுறை ஏரியைப் படம் எடுக்க ஆசைப்பட்டபோது, ஏரி வந்து போட்டோவை வாங்கிக்கொண்டு போகுமா என்று அவருடைய அத்தா கேட்டாராம். அதற்குப் பிறகு அவர் ஆசைப்படவில்லை.

முதல் பிலிம் ரோலைத் தனியாகப் போய் எடுத்துவந்தார். மெட்ராசுக்கு அனுப்பிக் கழுவி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு பிலிமாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். மலை படத்தில் மேடு மாதிரி இருந்தது. பள்ளத்தாக்கு நீலமாகக் கரைந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. மாமி, அவருடைய அம்மா, பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்குது என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்கள். நான் கடைசிப் படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை.

"உனக்கு எப்படித் தோணுது? சும்மா சொல்லு."

"எனக்கு என்னங்க தெரியும். ஆனா இதுல நான் நிக்கறதுக்கு எடமே இல்லைங்க."

என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மலையைப் பார்க்கும்போது நம் காலடியில் ஒரு பாறை இருக்கிறது, பக்கத்தில் ஒரு செடி ஆடுகிறது, அதைத் தாண்டித்தான் பார்க்கிறோம். படத்தில் அதெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. அதனால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு பார்க்கிற மாதிரி இருக்கிறது, பயமாக இருக்கிறது. அவர் படங்களை உறையில் போட்டு வைத்துவிட்டு விளக்கை அணைத்தார். இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர், நீயும் கிளம்பு என்றார்.

அப்படித்தான் நாங்கள் இடம் தேடிப் போக ஆரம்பித்தோம். ஸ்டூடியோவுக்குப் பத்து மணிக்கு மேல்தான் ஆட்கள் வருவார்கள். அதற்குள் போய்த் திரும்பிவிடலாம். புதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கண்ட பாறையிலும் ஏறுகிறானே என்று கடைவீதியில் பேச்சு வந்தது. அவங்க கடை வேலையாப் போறாங்க என்று மாமி ஒரே வரியில் முடித்துவிட்டு, டிபன் பாக்ஸில் எங்களுக்கு இட்லி வைத்துக் கொடுத்தார்கள்.

நான் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பேன். அவர் கேமராப் பையும் மூன்றுகால் ஸ்டாண்டும் தூக்கிக்கொண்டு முன்னால் போவார். ஒரு இடத்தில் நான் நின்றால் அவரும் நிற்பார். என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார். என் பின்னால் வந்து, என் உயரத்துக்குக் குனிந்து, நான் பார்க்கிற பக்கமே பார்ப்பார். சில சமயம் தலையாட்டுவார். சில சமயம் வெயில் அந்தப் பக்கம் வரட்டும், சாயந்திரம் வரலாம் என்பார். நான் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். நாகலூர் ரோடு, பெரிய பலா மரத்துக்கு அடுத்த வளைவு, எட்டேகால், பஸ் போன பிறகு. ஏரிக்கரை, படகு கட்டுகிற இடத்துக்கு எதிர்ப்பக்கம், சூரியன் மரத்துக்கு மேலே வருவதற்கு முன்னால்.

நாகலூர் ரோட்டில் அந்த வளைவில் பஸ் போன பிறகுதான் எடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது தற்செயல். பஸ் கிளப்பிய புழுதி சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அப்படியே மிதந்துகொண்டிருந்தது. அதற்குள் வெயில் சாய்ந்து விழுந்து, ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் ஒரு மஞ்சள் துணியைக் காயப் போட்டது போலத் தொங்கியது. மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று இருந்தது. அவர் எடுத்து முடித்த பிறகும் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். புழுதி மெல்ல மெல்ல இலைகளின் மேல் படிந்து, சாதாரண ரோடு திரும்ப வந்த பிறகுதான் நடந்தோம்.

ஏரியில் ஒருநாள் தண்ணீர் தெரியவில்லை, அதன் மேல் ஆவிதான் இருந்தது. ஒரு கொக்கு அந்த ஆவியின் மேலே நின்றது போல நின்றது. இப்படி ஒவ்வொன்றாக மார்ச் மாதத்துக்குள் ஐந்து இடங்கள் சேர்ந்துவிட்டன. சன்னலைச் சாத்துகிற பழக்கம் எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்து வெள்ளையாக இருந்தால், இது எந்தப் பக்கம் முதலில் கலையும் என்று நின்று பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

காப்பிப் பூ மட்டும் பாக்கி. மார்ச் கடைசியில் ஒரு மழை பெய்தது. மழை பெய்து எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ காப்பி பூக்கும், பூத்தால் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும் என்றார். ஒன்பதாம் நாள் காலையில் வாசனை கடைவீதிக்கே வந்துவிட்டது. மல்லிகை மாதிரி, ஆனால் அதைவிடக் கனமான வாசனை. தலைச்சோலை பஸ்ஸில் ஏறும்போது எல்லாருடைய முகமும் கொஞ்சம் மயங்கியது போல இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

தலைச்சோலையில் இறங்கி ஒரு பாறை மேல் ஏறிப் பார்த்தோம். பள்ளத்தாக்கு முழுக்க வாசனை. ஆனால் ஒரு பூ தெரியவில்லை. காப்பிச் செடி நிழல் மரத்துக்கு அடியில் வளர்வது. மேலிருந்து பார்த்தால் மரங்களின் பச்சைதான் தெரிகிறது. வெள்ளை எல்லாம் அதற்கு அடியில் ஒளிந்திருந்தது. வேறு இரண்டு பாறைகளில் ஏறிப் பார்த்தோம். எல்லா இடத்திலும் அதே பச்சை. அவர் ஸ்டாண்டை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார்.

அப்போது கீழிருந்து விறகுக் கட்டோடு ஒரு பெண் ஏறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர், வேலைக்காரர்களின் லைன் வீடுகளில் குடியிருக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. கட்டை இறக்கி வைத்துவிட்டு, காலையிலிருந்து பாறை பாறையாக ஏறி இறங்குகிறீர்களே, என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டார். பூவைத் தேடுகிறோம் என்று நான் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேல நின்னு பாத்தா எப்படித் தெரியும் கண்ணு? எங்களாட்டம் உள்ளார போனாத்தான் பூவு. ஆனா ஒரு எடம் இருக்குது. போன வருசம் அங்க நெழல் மரத்துக் கெளையையெல்லாம் நொம்பக் கழிச்சுப்போட்டாங்க. அந்தச் சரிவு வெள்ளையாத்தான் கெடக்கும்."

இப்போதே போகலாமா என்று என் கணவர் கேட்டார். இந்நேரத்துக்கு வெயில் நேரே அடித்து எல்லாம் வெளுத்துத் தெரியும், நாளைக்கு முதல் பஸ்ஸில் வாருங்கள் என்று அந்த அக்கா சொன்னார். என் கணவர் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அக்கா, எஸ்டேட் ரைட்டரிடம் தானே சொல்லி வைப்பதாகவும், அவர் வேலைக்கு வந்தவர்களின் பேர் எழுதத் தொடங்குவதற்கு முன்னால் எங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவதாகவும் சொன்னார்.

மறுநாள் அக்கா சொன்னபடி நின்றுகொண்டிருந்தார். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் கூட்டிப் போனார். தலைக்கு மேலே ஒன்றும் தெரியாத அளவு மேகம். இரண்டு பக்கமும் கிளை கிளையாகப் பூ, கையை நீட்டினால் கை ஈரமாகியது. ஒரு பெரிய பாறை வந்தது. இதுதான் இடம், எதிரே சரிவு, மேகம் போனதும் தெரியும், எட்டு வைத்து முன்னால் போகாதீர்கள், பள்ளம் என்று சொல்லிவிட்டு, அவர் அந்த வெள்ளைக்குள்ளேயே நடந்து மறைந்துவிட்டார்.

நாங்கள் உட்கார்ந்தோம். எங்களுக்கு எதிரே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது என்பதை நாங்கள் நம்ப மட்டும்தான் முடிந்தது. எங்கும் தேனீக்களின் சத்தம். எந்தப் பக்கமிருந்து என்று சொல்ல முடியாமல், பாறையே முனகுவது போல இருந்தது. வாசனை ஒரு சமயம் அடங்கும், மறு சமயம் அலையாக வந்து மூச்சடைக்கும். எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. என் கணவரின் கைக்கடிகாரத்தில்கூட நீர் கோத்திருந்தது.

வந்த புதிதில் இந்த மேகத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும் என்று அவரிடம் அப்போது சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. எதிரே முகம் தெரியாததால் சொல்ல முடிந்ததோ என்னவோ. அவர் கைக்கடிகாரத்தின் மேலிருந்த நீரை விரலால் துடைத்தார்.

"நான் உனக்கு இந்த ஊரு புடிச்சிருக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை கேக்கலை பாரு."

"இப்பப் புடிச்சிருக்குதுங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. வெளியிடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அதை வெளியிடம் என்று சொல்ல முடியுமா என்பது வேறு விஷயம். அந்த வெள்ளைக்குள் எங்களைத் தவிர யாருமில்லை.

பிறகு மேகம் ஒரு இடத்தில் கிழிந்தது. தூரத்தில் கொஞ்சம் மரம் தெரிந்து மறைந்தது. அவர் எழுந்து ஸ்டாண்டில் கேமராவை மாட்டினார். மறுபடி கிழிந்தபோது ஒரு படம் எடுத்தார், மூடிவிட்டது. இன்னொன்று எடுத்தார், அதுவும் பாதியில் மூடிவிட்டது. ரோலில் கடைசியாக ஒன்றுதான் மிச்சம். நீ பார், நீ சொல்லும்போது அழுத்துகிறேன் என்று என்னை அழைத்தார்.

அவருடைய கேமராவை மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். உள்ளங்கை அளவு கண்ணாடியில் படம் தெரியும். அதில் இடது பக்கம் வலது பக்கமாக இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் தலையோடு தலை ஒட்டிக் குனிந்திருந்தோம். கண்ணாடியில் வெறும் பால் நிறம். பிறகு அதன் அடியிலிருந்து எங்கள் பாறையின் விளிம்பும் அதில் முளைத்திருந்த புல்லும் கறுப்பாக வந்தன. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ச்சரிவு. முதலில் அதையும் மேகம் என்றே நினைத்தேன். மேகம் நகர்ந்தது, அது நகரவில்லை. சரிவு முழுக்கப் பூ. வரிசை வரிசையாக, மேலிருந்து கீழ்வரை, இறங்கி இறங்கிப் போய்ப் பள்ளத்தின் நீலத்தில் கரைந்தது. ஒரு தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி ஓட்டு வீடுகளின் ஒரு வரிசை, ஒரு கூரையிலிருந்து புகை. அவர் அழுத்தட்டுமா என்று கேட்டார். இருங்க என்றேன். கடைசி மேகத் துண்டு அந்தப் புகையைத் தொடுகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, இப்ப என்றேன்.

அச்சகத்துக்காரர் அந்தப் படத்தையே முதல் தாளுக்கு எடுத்துக்கொண்டார். டிசம்பரில் காலண்டர் கட்டு தபாலில் வந்தது. அவிழ்த்துப் பார்த்ததும் என் கணவரின் முகம் செத்துவிட்டது. பிலிமைத் திருப்பி வைத்து அச்சடித்துவிட்டார்கள். இடப்பக்கம் இருக்க வேண்டிய தொட்டி வலப்பக்கம் இருந்தது. மலை எதிர்ப்பக்கமாகச் சரிந்தது. இது தலைச்சோலையே இல்லை, உலகத்தில் இல்லாத ஒரு ஊர் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கடிதம் எழுதினார். யாரும் குறை சொல்லவில்லை, எல்லாரும் அந்தத் தாளைத்தான் புகழ்கிறார்கள் என்று பதில் வந்தது.

எனக்கு மட்டும் அதிர்ச்சி இல்லை. அன்று கேமராக் கண்ணாடியில் நான் பார்த்தது இதைத்தான். ஆனால் அதை அவரிடம் சொன்னபோது அவருக்கு ஆறுதலாக இல்லை. அந்த அக்காவுக்கு ஒரு காலண்டர் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். இந்தப் படத்தை எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் அவர் கவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனோம். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வாசலில் நின்றே வெகுநேரம் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நல்ல ஊராத்தான் இருக்குது. எங்க காடு மாதிரியே இருக்குது, ஆனா எங்க காடு இல்லீங்களே."

என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். அக்காவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. நான் காலண்டரை வாங்கி, முதல் தாளை மட்டும் தூக்கி, அதன் முதுகுப் பக்கம் அக்காவைப் பார்க்கும்படி வெயிலுக்கு நேரே பிடித்தேன். தாள் வழியாக வெளிச்சம் வந்தது. நிறமெல்லாம் மங்கி, எல்லாம் கனவில் தெரிவது போலத் தெரிந்தது. ஆனால் தொட்டி அதன் இடத்துக்கு வந்துவிட்டது. மலை சரியான பக்கம் சரிந்தது.

அக்கா கிட்ட வந்தார். விரலால் தொடாமல், விரலைத் தாளுக்கு அருகில் மட்டும் கொண்டுபோனார்.

"இது தொட்டி. இது எங்க லைனு. இந்தா பாருங்க, புகை வருதே, இது எங்க ஊடு. அன்னைக்கு மருமவ கஞ்சி வெச்சுக்கிட்டிருந்தா."

அந்த வீட்டு வாசலில்தான் நாங்கள் அப்போது நின்றுகொண்டிருந்தோம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் வீட்டைத் தேடினார்கள். என் கை வலித்தது, இறக்கவில்லை. ஒரு பக்கம் என் கணவர் வந்து பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் பல நாள் கழித்து வெளிச்சம் வந்திருந்தது. மெட்ராசுக்கு எழுதி, சரியான பக்கத்தில் பெரிதாக ஒரு படம் போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் வைத்து அக்காவுக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அடுத்த மாதமே கொடுத்தார். அக்கா சட்டத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு, காலண்டரையும் எடுக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின.

அடுத்த வருஷம் பூக்கிற சமயத்தில் எனக்கு ஏழாம் மாதம். பஸ்ஸில் மலை வளைவுகளில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கணவர் மட்டும் முதல் பஸ்ஸில் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். எத்தனை படம் எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் எடுக்கவில்லை என்றார். நிழல் மரம் கொஞ்சம் தழைத்துவிட்டது, சரிவில் பாதிதான் தெரிகிறது, புதிதாக வேறு இடம் தேட வேண்டும், நீ இல்லாமல் எங்கே நிற்பது என்று தெரியவில்லை என்றார்.

நான் படுத்திருந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, பஸ்ஸிலிருந்து இறங்கியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மேகம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் முதலில் கலைந்தது, தேனீ இருந்ததா, புகை எந்தக் கூரையிலிருந்து வந்தது எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். மெதுவாகச் சொன்னார்.